மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவே பத்து வாரம்: அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு மறுபடி விண்ணப்பிப்பவர்களுக்கு

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காத பிள்ளை இருக்கும் வீட்டில், மார்ச் மாதம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஒரு வருஷம் கேப் எடுத்துட்டு மறுபடியும் போட்டுப் பார்க்கலாம்." கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நாள்காட்டியை விரித்து வைத்தால்தான் அந்த ஒரு வருஷம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி வரும்.

எம்.டி. (அமெரிக்காவில் இதுதான் மருத்துவருக்கான அடிப்படைப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் மே தொடக்கத்தில் திறக்கும். மே கடைசி வாரத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். சரிபார்க்கப்பட்ட விண்ணப்பங்கள் ஜூன் கடைசியில் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கும். நேர்காணல்கள் ஆகஸ்டு, செப்டம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை நீளும். வகுப்பு தொடங்குவது அடுத்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில். ஆக, மார்ச் நடுவில் நம்பிக்கை போய், அதே ஜூனில் மறுபடி விண்ணப்பிக்கிறவருக்குக் கையில் இருப்பது சுமார் பத்து வாரம். அந்தப் பத்து வாரத்தில் செய்து முடித்ததைத்தான் புதிய விண்ணப்பத்தில் எழுத முடியும். அதற்குப் பிறகு வரும் கேப் இயரில் எவ்வளவு உழைத்தாலும், விண்ணப்பம் ஏற்கெனவே போய்விட்டது. "இனி செய்யப்போகும் மணிநேரம்" என்று எழுத ஆம்காஸில் இடம் உண்டு. சில கல்லூரிகள் நடுவில் புதுத் தகவல் கடிதமும் ஏற்கும். ஆனால் செய்து முடித்த வேலைக்கு இருக்கும் எடை, செய்யப்போகும் வேலைக்குக் கிடையாது.

அதனால் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த ஜூனில் விண்ணப்பிப்பது என்பதை. முதல் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்த மாதங்களிலும் வேலை, தன்னார்வப் பணி, ஆராய்ச்சி என்று நிற்காமல் செய்துகொண்டிருந்தவர் உடனே மறுபடி போடலாம். அவரிடம் உண்மையிலேயே ஒரு வருடத்துப் புதுச் சரக்கு இருக்கிறது. காத்திருப்பதையே வேலையாக வைத்திருந்தவர் ஒரு சைக்கிளை, அதாவது ஓர் ஆண்டின் விண்ணப்பச் சுற்றை, விட்டுவிட்டு அடுத்த ஆண்டு ஜூனில் போடுவதுதான் நல்லது. அப்படியானால் வகுப்புக்குள் நுழைய இரண்டரை வருடம் ஆகும். சொந்தக்காரர்களுக்கு விளக்குவது கடினம்தான். இருந்தாலும் அதே விண்ணப்பத்தைத் தேதி மாற்றி அனுப்பி இரண்டாவது முறையும் நிராகரிக்கப்படுவது இதைவிடச் செலவான காரியம். மூன்றாவது முறை வருகிறவரைச் சேர்க்கைக் குழு இன்னும் கடுமையாகப் பார்க்கும். ஒருவர் இத்தனை முறைதான் விண்ணப்பிக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு.

பிள்ளை பின்தங்கிவிட்டது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம். அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 52,000 முதல் 55,000 பேர் வரை எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், சேர்கிறவர்கள் சுமார் 23,000. விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முன்பே ஒருமுறை முயன்றவர். சேர்கிறவர்களிலும் பாதிக்கு வெகு மேலானவர்கள் பட்டம் வாங்கிய பிறகு ஓராண்டாவது வெளியே இருந்துவிட்டு வந்தவர்கள்தான்.

அடுத்தது, விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்ப்பது. நேர்காணல் அழைப்பே வரவில்லை என்றால் குறை காகிதத்தில் இருக்கிறது: ஜிபிஏ (கல்லூரிப் பாடங்களின் சராசரி மதிப்பெண், 4.0க்கு), எம்கேட் (மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு), அனுபவம், கட்டுரை, கல்லூரிப் பட்டியல், அனுப்பிய தேதி இவற்றில் ஒன்று, அல்லது பல. மூன்று நான்கு நேர்காணலுக்குப் போய் எதிலும் இடம் வரவில்லை என்றால் காகிதம் போதுமானதாக இருந்திருக்கிறது; பேச்சில்தான் சிக்கல். இவருக்கு எம்கேட்டை மறுபடி எழுதச் சொல்வது வியாதி ஒன்று, மருந்து வேறொன்று. வெயிட்லிஸ்ட் (காத்திருப்புப் பட்டியல்) வரை போனவருக்கோ பெரும்பாலும் முன்கூட்டியே அனுப்புவதும் கல்லூரிப் பட்டியலை விரிப்பதும் போதும்.

நிராகரித்த கல்லூரிகளில் சில, கேட்டால் காரணம் சொல்லும். எல்லாக் கல்லூரியும் செய்வதில்லை. செய்யும் கல்லூரிகளும் பொதுவாகச் சைக்கிள் முடிந்த பின், வசந்த காலக் கடைசியிலோ கோடையிலோதான் பேசும். "என் விண்ணப்பத்தில் எந்தப் பகுதி மற்றவர்களோடு ஒப்பிடும்போது பலவீனமாக இருந்தது?" என்று நேராகக் கேளுங்கள். "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்டால் "போட்டி அதிகம்" என்ற வழக்கமான பதில்தான் வரும். பெற்றோர் போன் செய்யக் கூடாது. இதை எழுதவே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நம் வீடுகளில் இது நடக்கிறது.

ஜிபிஏவுக்கு வருவோம். இங்கேதான் கணக்குப் போடாமலேயே பணத்தைக் கொட்டுகிறார்கள். 120 கிரெடிட்டில் 3.3 வைத்திருப்பவர், பட்டத்துக்குப் பிறகு 30 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் ஏ வாங்கினாலும் மொத்தம் 3.44க்குத்தான் ஏறும். 396 புள்ளியோடு 120 சேர்ந்து 516. அதை 150ஆல் வகுத்துப் பாருங்கள். ஆனால் ஆம்காஸ் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்துத் தனி அறிவியல் ஜிபிஏ போடுகிறது. அதில் 60 கிரெடிட்டுக்கு 3.1 இருந்தவர், அதே 30 கிரெடிட்டையும் அறிவியலிலேயே எடுத்தால் 3.4க்கு வந்துவிடுவார். அதோடு பட்டத்துக்குப் பின் படித்த பாடங்கள் விண்ணப்பத்தில் தனி வரியாக நிற்கும். குழுவில் இருப்பவர் மொத்த எண்ணைத் தாண்டி அந்த வரியில் 4.0 இருக்கிறதா என்று பார்ப்பார். எண் சற்றே ஏறினாலும் போக்கு மாறியது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தப் படிப்பின் பயன் அதுதான்.

தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆம்காஸ் இரண்டையும் கணக்கில் எடுக்கும். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆக்கோமாஸில் முன்பு பழையதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. 2017இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே கட்டாயப் பாடத்தில் சி-க்குக் கீழே வாங்கியிருந்தால் மட்டும் திரும்ப எடுங்கள். இல்லையென்றால் உயிர்வேதியியல், உடலியங்கியல், நோயெதிர்ப்பியல், மரபியல் போன்ற மேல்நிலைப் பாடங்களை நான்காண்டுக் கல்லூரியில் எடுப்பது நல்லது. வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு பருவத்தில் நான்கு அறிவியல் பாடம் எடுத்து இரண்டில் பி வாங்கினால், சரிசெய்ய வந்த இடத்திலேயே இன்னொரு ஓட்டை விழுந்த மாதிரி. இரண்டு எடுங்கள், இரண்டிலும் ஏ வாங்குங்கள்.

மருத்துவக் கல்லூரியின் முதலாண்டுப் பாடங்களையே ஓராண்டில் படிக்க வைக்கும் ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் படிப்பு வேறு கணக்கு. அதன் மதிப்பெண் இளநிலை ஜிபிஏவைத் தொடாது, தனியாக நிற்கும். இளநிலைப் பட்டம் 3.2க்கும் கீழே முடிந்து, இனி எத்தனை பாடம் எடுத்தாலும் நகராது என்ற நிலையில் இருப்பவருக்கு அது கடைசி வழி. 3.6 வைத்திருப்பவருக்கு அது வேண்டாத செலவு. அங்கே போய் 3.3 வாங்கினால் கதவுகள் மூடுகின்றன, "மருத்துவப் பாடத்தைத் தாங்க மாட்டார்" என்பதற்கு ஆதாரமே கிடைத்துவிட்டதல்லவா? பணத்தையும் பாருங்கள்: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு பட்ட மேற்படிப்புக்கு அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது, பட்ட மேற்படிப்புக்கான கூட்டாட்சிக் கடனுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு அது ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. மாஸ்டர்ஸுக்கு இப்போது வாங்கும் தனியார் கடன், நாளை மருத்துவக் கல்லூரிக்கு வாங்க வேண்டிய கடனின் தலைமேல் வந்து உட்காரும்.

எம்கேட். 472 முதல் 528 வரை மதிப்பெண். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் 118 முதல் 132. எம்.டி. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி 511, 512ஐ ஒட்டி இருக்கிறது. ஓராண்டில் 3 முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் 4 முறை, வாழ்நாளில் 7 முறைதான் எழுதலாம். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும், எழுதிவிட்டு மதிப்பெண் வேண்டாம் என்று ரத்து செய்தாலும் அதுவும் ஒரு முறையாகக் கணக்காகும். வெளியான எல்லா மதிப்பெண்ணும் எல்லாக் கல்லூரிக்கும் தெரியும்.

மறுபடி எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு 2, 3 புள்ளிதான் ஏறுகிறது. காரணம் ரகசியமில்லை. பழைய புத்தகங்களையே மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறார்கள். எம்கேட் மனப்பாடத்தைச் சோதிப்பதைவிட, பத்தியைப் படித்து, வரைபடத்தைப் பார்த்து, தெரிந்ததைப் பொருத்திப் பார்ப்பதைத்தான் சோதிக்கிறது. முதல் முறை 506 வாங்கியவருக்குப் பாட அறிவு பெரும்பாலும் இருக்கிறது. பத்திகளைக் கையாளும் பழக்கம்தான் இல்லை. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் எழுதும் நோட்டு ஒன்று போடுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தேனா, இரண்டு விடையில் திணறி மாற்றினேனா, நேரம் போதவில்லையா. முந்நூறு கேள்வி தாண்டும்போது ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். படிப்பை அதற்கேற்ப மாற்றுங்கள்.

இன்னொரு பொறி: எம்கேட்டை நடத்தும் ஏஏஎம்சியின் மாதிரித் தேர்வுகளில் போன முறை எழுதியவற்றையே மறுபடி எழுதினால் விடைகள் பாதி நினைவில் இருக்கும், 515 காட்டும், உண்மைத் தேர்வில் 508 வரும். பழைய மாதிரித் தேர்வுகளை அலசுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அளந்து பார்க்க இதுவரை தொடாத தேர்வுகளை எடுங்கள். கடைசி மூன்று முழுநீளத் தேர்வின் சராசரி, பழைய மதிப்பெண்ணைவிட 4 புள்ளியாவது கூடுதலாக இல்லாவிட்டால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். கார்ஸ் (பத்தியைப் படித்து ஆராயும்) பகுதி மட்டும் 122, 123இல் நிற்பவருக்கு மூன்று மாதம் போதாது. தினமும் இரண்டு மூன்று பத்தி, ஐந்தாறு மாதம். வேறு வழி தெரியவில்லை. பழைய மதிப்பெண் எத்தனை ஆண்டு செல்லும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு. ஒரு சைக்கிளை விடுகிறவர் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

514 வைத்திருப்பவர் 518க்காக மறுபடி எழுதக் கூடாது. சொன்னால் கோபம் வருகிறது, ஆனாலும் நூற்றுக்கு நூறு பழக்கம் நம்மை விடுவதில்லை. எண்கள் போதுமான பல பிள்ளைகளின் விண்ணப்பம் மனிதர்கள் இல்லாததால்தான் விழுகிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் 1,500 மணிநேரம், நோயாளி அருகில் 60 மணிநேரம் என்று ஒரு விண்ணப்பம் வந்தால், இவர் ஏன் பிஎச்.டி. போகவில்லை என்றுதான் படிப்பவர் கேட்பார்.

நோயாளியோடு நேரடியாக இருக்கும் வேலைகள் சில உண்டு. இ.எம்.டி. (ஆம்புலன்ஸில் அவசர உதவி செய்பவர்) பயிற்சி பொதுவாக 150 மணிநேரத்தை ஒட்டி இருக்கும். அதன் பிறகு தேசியப் பதிவுத் தேர்வு. படிப்பு, தேர்வு, மாநில உரிமம், வேலை தேடுவது எல்லாம் சேர்ந்து நான்கைந்து மாதம் போய்விடும். ஆகவே பத்து வாரத்தில் விண்ணப்பிக்கப் போகிறவருக்கு இது உதவாது. செவிலியர் உதவியாளர் பயிற்சிக்குக் கூட்டாட்சி விதிப்படி குறைந்தது 75 மணிநேரம். மாநிலங்கள் கூடக் கேட்கும். உடம்பு நோகும் வேலை. குளிப்பாட்ட வேண்டும், மலம் துடைக்க வேண்டும். மருத்துவம் என்றால் என்ன என்று இந்த வேலை கற்றுத் தருவதைப் போல மற்றவை தருவதில்லை என்பது என் கருத்து. மருத்துவருக்காகக் குறிப்பெழுதும் மெடிக்கல் ஸ்கிரைப் வேலை சீக்கிரம் கிடைக்கும், மருத்துவர் யோசிக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஆனால் நோயாளியின் கையைத் தொட மாட்டீர்கள், வீட்டிலிருந்தே செய்யும் ஸ்கிரைப் வேலை என்றால் இன்னும் தூரம். இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் தன்னார்வப் பணி வாரம் மூன்று நான்கு மணிநேரம்தான். ஆனால் அதைப் பற்றி எழுத விஷயம் இருக்கும். ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்; எட்டாவது மாதம் கிளம்பப் போகிறேன் என்பதை மறைத்துச் சேர்ந்தால் பரிந்துரைக் கடிதம் போச்சு.

மருத்துவமனைக்கு வெளியேயும் ஒரு பணி வேண்டும்: உணவு வங்கி, வீடற்றோர் தங்குமிடம், புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது. கோயிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் செய்ததை எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் நம்மவர்களுக்குள்ளேயே சேவை செய்ததாக மட்டும் விண்ணப்பம் இருந்தால், தன்னைப் போல் இல்லாதவரோடு இவர் பழகியிருக்கிறாரா என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. எதையும் ஜூனுக்கு முன் ஆறு வாரத்தில் குவிக்காதீர்கள். தொடங்கிய தேதி விண்ணப்பத்திலேயே அச்சாகி இருக்கும். ஏப்ரல் மாதம் திடீரென்று மூன்று சேவைகள் முளைத்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

விசா உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். எச்-4இல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளை 21 வயதில் அந்த நிலையை இழக்கும். கிரீன் கார்டு வரிசை முடியாவிட்டால் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டி வரும். பெரும்பாலான எம்.டி. கல்லூரிகள் எஃப்-1 மாணவரைச் சேர்ப்பதில்லை. சேர்ப்பவற்றில் சில, ஓராண்டு முதல் நான்காண்டு வரையிலான கட்டணத்தை முன்கூட்டியே வைப்புக் கணக்கில் காட்டச் சொல்லும். பட்டத்துக்குப் பின் எஃப்-1 மாணவர் வேலை பார்க்க ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதி வேண்டும்: 12 மாதம், படித்த துறை சார்ந்த வேலை, மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. அந்த முதல் 12 மாதத்தில் வாரம் 20 மணிநேரமாவது துறை சார்ந்த தன்னார்வப் பணி செய்தாலும், தொழிலாளர் சட்டத்தை மீறாதவரை, வேலையாகக் கணக்காகும். எஸ்டிஇஎம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டத்துக்கான 24 மாத நீட்டிப்பில் இந்தச் சலுகை இல்லை. இந்தியாவில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்தவர்கள் கவனிக்க: வெளிநாட்டுப் படிப்பை ஆம்காஸ் சரிபார்ப்பதும் இல்லை, ஜிபிஏவில் சேர்ப்பதும் இல்லை. அவர்களுக்குக் கேப் இயர் என்பது அமெரிக்கக் கல்லூரியில் அறிவியல் பாடங்களை எடுக்கும் காலம்தான்.

எழுத்து வேலை. சுயவிளக்கக் கட்டுரைக்கு 5,300 எழுத்திடம், இடைவெளியும் சேர்த்து. அனுபவங்கள் 15 வரை, ஒவ்வொன்றுக்கும் 700. அவற்றில் மூன்றை முக்கியமானவை என்று குறித்தால் தலா 1,325 கூடுதல். முன்பு விண்ணப்பித்த கல்லூரி உங்கள் பழைய கோப்பை எடுத்துப் பார்க்கலாம். அதே கட்டுரை, அதே முதல் வாக்கியம் என்றால் ஒரு வருடத்தில் இவருக்குள் எதுவும் நகரவில்லை என்று பொருள். கட்டுரையைத் திருத்தாதீர்கள்; புதிதாக எழுதுங்கள். அதில் நிராகரிப்பைப் பற்றிப் புலம்ப வேண்டியதில்லை; "முன்பு விண்ணப்பித்ததிலிருந்து என்ன மாறியது" என்று பல கல்லூரிகள் ஆம்காஸுக்குப் பிறகு தனியாக அனுப்பும் செகண்டரி விண்ணப்பமே கேட்கும், அங்கே சொல்லலாம். சொல்லும்போது எண்ணோடு சொல்லுங்கள்: எந்த மாதத்திலிருந்து, எத்தனை மணிநேரம், எந்தப் பொறுப்பு.

பரிந்துரைக் கடிதங்கள் போன ஆண்டிலிருந்து தானாகத் தொடர்ந்து வராது. மறுபடி அனுப்ப வைக்க வேண்டும். பழைய பேராசிரியரிடம் தேதி மட்டும் மாற்றித் தரச் சொல்லாமல், புதிதாகச் செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கேப் இயரில் உங்களோடு வேலை பார்த்த மருத்துவரிடமோ மேற்பார்வையாளரிடமோ ஒரு புதுக் கடிதமாவது வேண்டும். டி.ஓ. கல்லூரிகள் பலவற்றுக்கு டி.ஓ. மருத்துவர் ஒருவரின் கடிதம் தேவை, அல்லது இருந்தால் நல்லது. சிக்கலான சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று பார்க்கும் காஸ்பர் தேர்வின் மதிப்பெண் ஒரு சைக்கிளுக்குத்தான். அதையும் மறுபடி எழுத வேண்டும்.

பட்டியலில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: பெயர் தெரிந்த இருபது கல்லூரி. ஏஏஎம்சியின் கல்லூரித் தகவல் தளமான எம்சாரில் சேர்ந்தவர்களின் மதிப்பெண் வீச்சையும் வெளிமாநிலத்தவர் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதையும் பாருங்கள். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் 90 விழுக்காடு இடம் அம்மாநிலத்தவருக்கு. அவற்றுக்கு டிஎம்டிசாஸ் என்ற தனி விண்ணப்பம். வெளிமாநிலத்திலிருந்து அங்கே பணம் கட்டுவதற்கு முன் யோசிக்கலாம். ஆம்காஸில் முதல் கல்லூரிக்குச் சுமார் 175 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 45 டாலருக்குச் சற்று மேல்; செகண்டரிக்குத் தனியாக. சொந்த மாநிலக் கல்லூரிகள் எல்லாம், மதிப்பெண் பொருந்தும் தனியார் கல்லூரிகள், ஆறேழு டி.ஓ. கல்லூரிகள் என்று இருபத்தைந்தை ஒட்டி வைத்தால் நியாயமான பட்டியல். டி.ஓ. என்றால் இரண்டாந்தரம் என்று நினைப்பவர்கள், இரு பட்டதாரிகளும் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) இடங்களுக்கான ஒரே மேட்சில் போட்டியிடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

நேர்காணலில் விழுந்தவர்களுக்கு ஒன்று மட்டும். கேமராவில் பதிவு செய்து, சத்தத்தை நிறுத்தி ஒரு முறை, சத்தத்தோடு ஒரு முறை பாருங்கள். பிறகு, உங்களைத் தெரியாத ஒருவரை வைத்து எம்எம்ஐ (அடுத்தடுத்துப் பல சிறு நேர்காணல்கள் வரும் முறை) கேள்விகளுக்கு நேரம் குறித்துப் பழகுங்கள். மனப்பாடம் செய்த பதில்கள் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

கடைசியாகச் சரிபார்ப்பு. நீங்கள் எழுதிய பாடங்களை ஆம்காஸ் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இது. ஜூனில் வரிசை நீண்டால் ஆறு வாரம்கூட ஆகும். விண்ணப்பம் திரும்பி வர ஒரு காரணம், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது சமுதாயக் கல்லூரியில் எடுத்த இரட்டைச் சேர்க்கைப் பாடங்களை விட்டுவிடுவது. அந்தக் கல்லூரியிலிருந்தும் மதிப்பெண் பட்டியல் வர வேண்டும். எம்கேட் முடிவு ஜூன் நடுவில்தான் வரும் என்றாலும் காத்திருக்காதீர்கள். கட்டாயம் விண்ணப்பிக்கப் போகும் ஒரே ஒரு கல்லூரியைக் குறித்து முதல் வாரத்திலேயே சமர்ப்பித்தால் சரிபார்ப்பு தொடங்கிவிடும். மதிப்பெண் வந்த பிறகு மற்றக் கல்லூரிகளைச் சேர்க்கலாம், வரிசையில் மறுபடி நிற்க வேண்டியதில்லை. வெயிட்லிஸ்டில் இருப்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும். வெயிட்லிஸ்ட் மே, ஜூன், ஜூலையில்தான் அசையும். அது முடியட்டும் என்று இருந்தால் புதிய சைக்கிளின் முன்வரிசை போய்விடும். ஒரு கல்லூரிக்கான கட்டணத்தைக் கட்டி விண்ணப்பத்தைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் இடம் வந்தால் புதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நட்டம் அந்த 175 டாலரோடு நிற்கும்.